கழிசல் பதினாறு

நூற்றுப் பதினெட்டு நாள். ஜூன் இருபதாம் தேதி காலையிலிருந்து அக்டோபர் பதினாறாம் தேதி காலை வரை. அத்தனை நாளும் எர்மீனியா அம்மாளிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். சொல்லவில்லை.

முதல் நாள் சொல்லாமல் போனது முழுக்க என் தவறு. அன்று கையில் மாத்தே குடுவை இருந்தது.

மாத்தே என்பது ஒரே குடுவையில் எல்லோரும் மாறி மாறிக் குழலால் உறிஞ்சும் கசப்பு இலைத் தேநீர். எங்கள் பக்கத்தில் அந்த வட்டம் பேச்சில்லாமல் நடக்காது. ஒருவர் வெந்நீர் ஊற்றித் தருவார். உறிஞ்சி முடித்துக் குடுவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நன்றி சொன்னால் எனக்குப் போதும், இனி ஊற்ற வேண்டாம் என்று அர்த்தம். சொல்லாமல் கொடுத்தால் அடுத்த சுற்றிலும் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். நான் எப்போதும் முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிடுவேன். உட்கார்ந்திருந்தால் பேச வேண்டி வரும்.

அன்று அடுப்படியில் மூன்று பேர். முதலாளி எர்மீனியா அம்மாள், மேஸ்திரி ஒசோரியோ, நான். கால்நடை அறிவியல் படித்துவிட்டு அந்தப் பண்ணையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாயால் சொல்ல வராது என்பதால் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பால் மறந்த கிடேரிகளுக்கு ஜூனில் தொடங்கும் இந்தக் குளிர்காலம் முழுக்கப் பனிக்காலப் புல்லும் கூடவே தவிடும் கொடுத்தால் நாளுக்கு ஒரு கிலோ ஏறும். நவம்பரில், பதினாலு மாத வயதிலேயே காளைக்கு விடலாம். இங்கே எல்லோரும் இருபத்தாறு மாதம் காத்திருக்கிறார்கள். ஒரு வருடம் முழுக்கக் கன்று இல்லாமல் புல் தின்கிறது மாடு.

எர்மீனியா அம்மாள் இரண்டு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தவிடு எதுக்குடி? நம்ம புல்லுல என்ன குறைச்சல்?"

"புல்லுல புரதம் நிறைய இருக்கு. தெம்புதான் பத்தாது. தண்ணி ஜாஸ்தி. தவிடு அந்தத் தெம்பைக் கொடுக்கும்" என்றேன். அது நான் வீட்டிலேயே சொல்லிப் பழகிய வரி.

"புல்லுக்குத் தெம்பில்லையாம்" என்றார் ஒசோரியோ, அடுப்பைப் பார்த்து. "முப்பது வருஷமா இந்தப் புல்லைத் தின்னு தின்னு மாடெல்லாம் மயக்கம் போட்டு விழுந்துக்கிட்டிருக்கு. எனக்குத்தான் தெரியல."

"சும்மா இரு ஒசோரியோ." எர்மீனியா அம்மாள் குடுவையை நிரப்பி என்னிடம் நீட்டினார். "இங்க பாரு நொயேலி. ஓடையோரம் ரெண்டு புல்வெளி இருக்கு. ரெண்டும் எட்டு ஹெக்டேர். ஒண்ணுல ஒசோரியோ முப்பது கிடேரி விடட்டும், வெறும் புல்லு. இன்னொண்ணுல நீ முப்பது விடு. நாளுக்கு ரெண்டு மூட்டை தவிடு தரேன். அக்டோபர்ல எடை போடுவோம். உன்னோடது தலைக்கு இருபது கிலோ கூட நின்னுச்சுன்னா, காளையை நானே அவுத்து விடறேன். இல்லேன்னா அறுபதும் லாரி ஏறும். நிலத்தைக் கோதுமைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், விட்டுடறேன்."

கேள்வியே தவறு. எனக்கு உடனே தெரிந்தது. புல் தாராளமாக இருக்கும் இடத்தில் தவிடு வைத்தால் கிடேரி தவிட்டைத் தின்றுவிட்டு அந்த அளவுக்குப் புல்லைக் குறைத்துக்கொள்ளும். எடை கொஞ்சம்தான் கூடும், இருபது கிலோவெல்லாம் கூடாது. ஆனால் தின்னாத புல் தரையில் மிச்சமாக நிற்கும். அந்த மிச்சத்தில் இன்னும் மாடுகள் மேயலாம். தவிடு கொடுப்பது கொழுப்பை அல்ல, இடத்தை. ஒரு மாட்டுக்கு எத்தனை கிலோ என்று கேட்கக் கூடாது, ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மாடு என்று கேட்க வேண்டும்.

இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். உறிஞ்சுகுழல் கொரகொரவென்று சத்தம் போட்டது, குடுவை காலி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குடுவையைத் திருப்பிக் கொடுத்து, பழக்கத்தில், "நன்றி" என்றேன்.

"அவ்வளவுதான். நன்றின்னுட்டா. பேச்சு முடிஞ்சது" என்றார் எர்மீனியா அம்மாள்.

ஒசோரியோ தொப்பியை முழங்காலில் தட்டிச் சிரித்தார்.

*

அந்த வருடம் பால் மறந்த கிடேரிகள் எழுபத்தேழு. அறுபதைப் பொறுக்கிக் காதில் மஞ்சள் பட்டை போட்டோம். மீதிப் பதினேழும் சின்னது, எடை குறைச்சல். அவற்றுக்குப் பட்டை கிடையாது. கழிசல் என்பார்கள். கழிசலை எங்கே விடுவது என்று யாரும் கேட்பதில்லை. பண்ணையின் பின்பக்கம், சதுப்பை ஒட்டிய காட்டுப்புல். உறைபனி விழுந்தால் அந்தப் புல் காய்ந்து வைக்கோலை விட மோசமாகிவிடும். வசந்தம் வரை தாங்குவது தாங்கும்.

என் முப்பதும் தவிட்டுக்குச் சீக்கிரம் பழகின. மாட்டைக் கூப்பிட இங்கே ஒரு நீண்ட கூவல் உண்டு. ஒசோரியோ கூவினால் இரண்டு குன்று தாண்டிக் கேட்கும். என்னால் முடியாது. ஒரு நாள் முயன்றேன், தொண்டையில் காற்றுதான் வந்தது. அதனால் தகர மூடியை எடுத்துக் கம்பால் மூன்று தட்டு தட்டுவேன். நாலாம் நாள், மூன்றாவது தட்டுக்கு முன்பே எல்லாம் ஓடிவந்து தொட்டியில் நின்றன.

"மாட்டைக் கூப்பிடக்கூட வாய் வரல டாக்டரம்மாவுக்கு" என்றார் ஒசோரியோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "பூசைக்கு மணி அடிக்கிற மாதிரி அடிக்குது."

"வருது பாருங்க அண்ணே" என்றேன்.

"பசிச்சா பிசாசும் வரும்."

வாரம் ஒரு முறை இரண்டு புல்வெளியிலும் ஐம்பது இடத்தில் கோல் வைத்துப் புல்லின் உயரம் அளப்பேன். ஜூலை முதல் வாரம் ஒசோரியோவின் புல்வெளியில் பதினாலு சென்டிமீட்டர். என்னுடையதில் இருபத்திரண்டு. நான் நினைத்ததேதான். இன்னும் இரண்டு வாரம் விட்டால் முற்றித் தண்டு கட்டிவிடும். அப்புறம் எந்த மாடும் தொடாது.

ஜூலை ஏழாம் தேதி கழிசலில் ஒன்று சதுப்பில் மாட்டிச் செத்தது. நானும் ஒசோரியோவும் கயிறு போட்டு இழுத்தோம். இழுத்தபோது உயிர் இருந்தது, கரையில் போனது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. சாயங்காலம் எர்மீனியா அம்மாளிடம் சொன்னோம்.

"கழிசல்னா அப்படித்தான் போகும்" என்றார். கொடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பது போலச் சொன்னார்.

"மீதி பதினாறையும்..." என்று ஆரம்பித்தேன்.

"அதுங்களுக்குத் தவிட்டை வீணாக்காதே."

சரி என்றோ மாட்டேன் என்றோ நான் சொல்லவில்லை. பேசாதவளுக்கு அது ஒரு வசதி.

மறுநாள் காலை மூடுபனி. குதிரையின் காதுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பின்பக்கம் போய்ப் பதினாறையும் ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு கிலோமீட்டர். ஓடையில் இறங்க ஒன்று மறுத்தது, அதன் பின்னால் மற்றவையும் நின்றன. இறங்கி, போஞ்சோப் போர்வையைக் கழற்றி வீசி விரட்டினேன். இடுப்பு வரை நனைந்தது. என் புல்வெளிக் கதவைத் திறந்து உள்ளே விட்டேன். அவை தலையைத் தாழ்த்தின. அப்புறம் ஒரு மணி நேரம் தலையை நிமிர்த்தவே இல்லை.

முப்பதும் பதினாறும் நாற்பத்தாறு. இரண்டு மூட்டைத் தவிட்டை மூன்றாக ஆக்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதற்காக மட்டுமல்ல. அதே இரண்டு மூட்டை, அதே எட்டு ஹெக்டேர். அதில் நாற்பத்தாறு நிற்க வேண்டும். நின்றால்தான் நான் சொல்ல நினைத்தது உண்மை.

*

ஒசோரியோவுக்கு மூன்று நாளில் தெரிந்துவிட்டது. பின்பக்கம் போயிருக்கிறார், ஒரு மாடும் இல்லை. சதுப்பு விழுங்கிவிட்டதோ என்று பயந்து நேரே என்னிடம் குதிரையில் வந்தார். வேலியருகே நிறுத்தி, உதடு அசைய எண்ணினார். எங்கள் மேஸ்திரி எண்ணுவது ஐந்து ஐந்தாக. ஒவ்வொரு ஐந்துக்கும் கடிவாள வாரில் ஒரு விரல் நகரும்.

"நாப்பத்தஞ்சு. ஒண்ணு. நாப்பத்தாறு." என்னைப் பார்த்தார். "முதலாளியம்மாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"கழிசலுக்குத் தவிடு கிடையாதுன்னு சொன்னாங்கல்ல? என் காதுபட?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"செத்துப்போகும் அண்ணே."

"செத்தா சாகுது. உன் வேலை போகுமே, அதை யோசிச்சியா?"

"புல்லு மிச்சமா நிக்குது. பாருங்க. முத்திப் போகப்போகுது."

அவர் இறங்கி வந்து புல்லைக் காலால் கோதிப் பார்த்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அடிப்பாவி. இருக்கிற முப்பதுக்கே இருபது கிலோ ஏத்தணும். அதுல பதினாறு வாயைக் கூடச் சேத்துட்டியா? தவிடு அதே ரெண்டு மூட்டைதானே?"

"ஆமா."

"போடும்மா. இன்னும் பத்து வேணுமா? பக்கத்துப் பண்ணையில கேட்டு நானே ஓட்டிட்டு வரேன். அக்டோபர்ல உன் கிடேரியைப் பிடிச்சு வேலிக்கம்பமா நட்டு வச்சுக்கலாம்."

"முதலாளியம்மாகிட்டச் சொல்வீங்களா?"

"நான் ஏன் சொல்லணும்? நான் ஜெயிக்கிற ஆட்டத்தை நானே கலைக்கணுமா?" குதிரையில் ஏறினார். "உனக்குக் குடுத்தது முப்பது. குடுத்ததை எண்ணச் சொன்னா முப்பதுன்னுதான் சொல்லுவேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல."

அப்படியே செய்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எர்மீனியா அம்மாள் கேட்பார். "டாக்டரம்மாவோட மாடு எத்தனை?" "குடுத்தது முப்பது." சொல்லிவிட்டு மீசைக்குள் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சனிக்கிழமைகளில் நான் இன்னும் சீக்கிரமாக நன்றி சொல்லி எழுந்துவிடுவேன்.

எர்மீனியா அம்மாள் வண்டியை விட்டு இறங்குவதில்லை. சாலையிலிருந்து பார்த்தால் என் புல்வெளி நடுவில் பள்ளமாக இறங்கும். பள்ளத்தில் இருப்பது தெரியாது. முதுகுகள் தெரிந்தால் சரி, கிளம்பிவிடுவார். ஒரே ஒரு முறை, ஆகஸ்டு கடைசியில், வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"உன் பக்கம் புல்லு ஏண்டி இவ்வளவு கட்டையா இருக்கு? ஒசோரியோ பக்கமும் இதேதான் இருக்கு. உன்னோடது தவிடு தின்னுதே, புல்லு மிஞ்சணுமே?"

நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தையும் அவர் உண்மையாகவே படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லியே இருக்க வேண்டும்.

"மேயுதுங்க" என்றேன்.

"மேயுதுன்னா மேயட்டும்" என்று கண்ணாடியை ஏற்றினார்.

செப்டம்பரில் பயந்தேன். பதினொரு நாள் வெயிலே இல்லை. தூறல், மினுவானோ என்கிற தெற்குக் குளிர்காற்று, மறுபடி தூறல். புல் வளரவில்லை. கோல் எட்டு சென்டிமீட்டர் காட்டியது. கிடேரிகள் தகரம் தட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொட்டியில் வந்து நின்றன. தவிட்டைப் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் நாலு வாய்தான். பட்டையில்லாத கிடேரி ஒன்று, முகம் முழுக்க வெள்ளை, தொட்டியின் அடியை நக்கி நக்கிப் பளபளக்க வைத்தது.

ஒசோரியோ வேலியில் முழங்கையை ஊன்றி நின்றார். சிகரெட் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்தப் பதினாறையும் ராத்திரியோட ராத்திரியா பின்னாடி விட்டுடு. நான் பார்க்கல."

"விட மாட்டேன்."

"உன் முப்பதும் இளைக்குது பாரு."

"இளைக்கல."

"கண்ணு இருக்கா உனக்கு?"

"கோல் இருக்கு" என்றேன். "வெயில் வந்தா நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறும். வரும்."

அவர் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து என்னைப் பார்த்தார். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. எனக்கே குரல் யாருடையதோ போல இருந்தது.

வெயில் வந்தது. செப்டம்பர் இருபத்து மூன்றில் கோல் பதிமூன்று காட்டியது. அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வெள்ளை முகத்திடம் சொன்னேன்.

*

அக்டோபர் பதினைந்து சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாவற்றையும் பட்டியில் அடைத்தோம். எடைக்கு முன் பதினாலு மணி நேரம் தீனியும் தண்ணீரும் கிடையாது. இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பதையும் சேர்த்து எடை போட்டுவிடுவோம். பட்டை போட்ட முப்பதை முன்பட்டியில் விட்டேன். பதினாறைப் பின்பட்டியில், உயரமான பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம். ஒசோரியோதான் கதவைப் பிடித்தார்.

"நாளைக்கு இதுங்களையும் தராசுல ஏத்துவியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியல."

"ஏத்தாதே. நீ தோத்தாலும் கௌரவமாப் போகலாம். படிச்ச பொண்ணு, முயற்சி பண்ணுச்சு, நடக்கலன்னு போயிடும். இது தெரிஞ்சா சொன்ன பேச்சை மீறுனவள்னு பேராகும். இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தன் உன்னைச் சேக்க மாட்டான். என் தலையும் சேந்து உருளும். நான் வாயைத் திறக்கல, நீயும் திறக்காதே."

அவர் சொன்னதில் தப்பில்லை. இரவெல்லாம் அதையே நினைத்தேன். வாயைத் திறக்காமலிருப்பது எனக்கு வருகிற ஒரே வித்தை.

காலை எட்டு மணிக்கு எர்மீனியா அம்மாள் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் நோட்டு, காலடியில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே. முதலில் ஒசோரியோவின் முப்பது. ஒவ்வொன்றாக ஒடுங்கிய பாதையில் வந்து தராசில் ஏறின. நான் எண் படித்தேன், அவர் எழுதினார். பிறகு என்னுடைய முப்பது. என் கடைசிக் கிடேரி இறங்கியதும் அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு கூட்டினார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை.

"ஒசோரியோ சராசரி இருநூத்தி எண்பத்தேழு. நொயேலி இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு."

ஒசோரியோவின் வாய் லேசாகத் திறந்தது. நான் தோற்றதற்காக அல்ல. நாலு கிலோ முன்னால் நிற்கிறேன் என்பதற்காக. பதினாறு வாய் கூடத் தின்ற பிறகும் முன்னால். அவர் பலகைச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார்.

"ஏழு டன் தவிடு" என்றார் எர்மீனியா அம்மாள். "ஏழு டன் தவிட்டுக்குத் தலைக்கு நாலு கிலோ. ஏண்டி, இதைத் தொட்டியில கொட்டுனியா, ஓடையில கொட்டுனியா?"

நான் தராசின் கதவைச் சாத்தினேன்.

"உன்னைக் குத்தம் சொல்லல. பாடுபட்டே, பார்த்தேன். மாடு ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. காளைக்கு விடற எடையும் இருக்கு, அதை இல்லேங்கல. ஆனா விட்டுட்டு? அடுத்த குளிருக்கு இதுங்க சினையா நிக்கும், கீழே புதுசாப் பால் மறந்தது அறுபது எழுபது நிக்கும். ரெண்டு கூட்டத்தை எந்தப் புல்லுல நிறுத்துவேன்? எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த எட்டு ஹெக்டேர்ல முப்பதுக்கு மேல நின்னதில்ல. நின்னா நான் ஏன் விக்கப்போறேன்?" நோட்டை மூடினார். "லாரிக்காரனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். கோதுமைக்காரனுக்கும் சொல்லிடறேன். உக்காரு. ஒரு மாத்தே குடிச்சுட்டுப் போ."

குடுவையை நிரப்பி நீட்டினார். வாங்கினேன். தண்ணீர் நாக்கைச் சுட்டது. அறுபது கிடேரிகளும் வெயிலில் நின்று ஒன்றையொன்று நக்கிக்கொண்டிருந்தன. நாளைக்கு லாரி. நின்றால் ஏன் விற்கப் போகிறேன் என்று அவரே கேட்டுவிட்டார். ஜூன் மாதம் நான் கேட்கத் தவறிய கேள்வி அது. இப்போது என் கையில் குடுவை, உறிஞ்சுகுழலில் அதே கொரகொரச் சத்தம்.

குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை.

எர்மீனியா அம்மாள் கையை நீட்டியபடியே காத்திருந்தார். ஏழு மாதத்தில் நான் நன்றி சொல்லாமல் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"என்னடி? இன்னும் ஊத்தணுமா?"

"ஊத்துங்க" என்றேன். "எனக்கு இன்னும் முடியல."

"நொயேலி" என்றார் ஒசோரியோ. முதல் தடவையாக டாக்டரம்மா இல்லாமல், பேரைச் சொல்லி. "வேணாம் பாப்பா."

தகர மூடி வேலிக்கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். பலமாகத் தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. ஒன்று கத்தியது, பிறகு எல்லாம் சேர்ந்து கத்தின. பதினாலு மணி நேரப் பட்டினி. பலகைகள் முட்டி முட்டி அதிர்ந்தன.

எர்மீனியா அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தார். குடுவையைக் கையில் வைத்தபடியே சுவரோரம் போய், கீழ்ப் பலகையில் கால் வைத்து ஏறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"இது யாரோட மாடு?" என்றார் திரும்பாமல். "நல்ல மாடா இருக்கே. காதுல பட்டையே காணோம். எவன் பண்ணையிலேர்ந்து வேலி தாண்டி வந்துச்சு? ஒசோரியோ, தொடையில சூட்டுக்குறி இருக்கா பாரு."

எங்களுடையதற்கும் நவம்பரில்தான் சூடு போடுவோம். தன் மாட்டையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜூன் மாதம் அவரே கையைக் காட்டி ஒதுக்கிய மாடுகள்.

"ஒசோரியோ, உன்னைத்தான் கேக்கறேன். உன் கண்ணு தப்பி இந்தப் பட்டிக்குள்ள மாடு வராது. எத்தனைடா உன் கணக்கு?"

ஒசோரியோ தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். "குடுத்தது முப்பதும்மா. குடுத்ததைத்தான் நான் எண்ணுவேன்."

"குடுக்காதது?"

அவர் என்னைப் பார்த்தார். இப்போது மீசைக்குள் சிரிப்பு இல்லை. "அது அவங்க வாயால வரணும்."

எர்மீனியா அம்மாள் பலகையிலிருந்து இறங்கினார். என் எதிரே வந்து நின்றார். மாடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன, அதற்கு மேல் கேட்க வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் தகரத்தைக் கீழே போட்டேன்.

"வேலி தாண்டி வரல" என்றேன். போதவில்லை. மூச்சை இழுத்து, தராசுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற குரலில் சொன்னேன். "இது உங்க கழிசல் பதினாறு. ஓட்டிட்டு வந்தது நான். ஜூலை எட்டாம் தேதியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் என்னோட எட்டு ஹெக்டேர்ல, அதே ரெண்டு மூட்டைத் தவிட்டுல, நின்னது முப்பது இல்ல முதலாளியம்மா. நாப்பத்தாறு."